எந்தத் தொடர்பும் இல்லாத நிருபர்

நாளிதழ்களின் உள்பக்கங்களில் அவ்வப்போது கட்டம் கட்டிய ஓர் அறிவிப்பு வரும். பாஸ்போர்ட் அளவில் ஒரு படம், அதன் கீழே பெயர், ஊர், பிறகு நான்கு வரிகள்: மேற்படி நபருக்கும் எங்கள் நாளிதழுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, செய்தி, விளம்பரம், சந்தா சம்பந்தமாக அவரிடம் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டால் நிர்வாகம் பொறுப்பல்ல. வாசகர்கள் பெரும்பாலும் இதைப் படிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். நான் வேலை பார்த்த நாளிதழில் ஒருமுறை அந்தக் கட்டத்துக்குள் இருந்தது எனக்கு நன்கு தெரிந்த முகம். ஒரு தாலுகா தலைநகரிலிருந்து அவர் அனுப்பிய செய்திகளைப் பல ஆண்டுகள் மாவட்டப் பதிப்பில் திருத்தித் தலைப்பிட்டுப் பக்கத்தில் வைத்தவன் நான். பள்ளிக்கூடக் கட்டடத்தின் மேற்கூரை பெயர்ந்து விழுந்ததையும், ஆற்றில் இரவோடு இரவாக மணல் அள்ளப்பட்டதையும், ரேஷன் கடையில் எடை குறைந்ததையும் எங்கள் வாசகர்கள் அவர் மூலமாகத்தான் அறிந்தார்கள். ஒரு கல்குவாரி பற்றிய செய்தியை எழுதாமல் இருக்க அதன் உரிமையாளரிடம் அவர் பணம் கேட்டார் என்று புகார் வந்தது. விசாரித்தபோது அவர் அதை மறுக்கவில்லை. மறுநாள் அறிவிப்பு வெளியானது.

அவர் செய்தது தவறு. குவாரியை ஒட்டிய கிராமத்து மக்களுக்குத் தெரிய வேண்டியதை அவர் விலைபேசினார். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. என்னை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. 'எந்தத் தொடர்பும் இல்லை' என்ற அந்த வாக்கியம் அன்றைக்கு மட்டும் உண்மையாகவில்லை. அவர் எங்களுக்கு எழுதத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே அது உண்மையாக இருந்தது. நியமன ஆணை இல்லை. வருங்கால வைப்பு நிதி இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படும் ஓர் அடையாள அட்டை மட்டும் இருந்தது. அதையும் நிர்வாகம் எப்போது கேட்டாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மேற்கூரை விழுந்த செய்தி முதல் பக்கத்தில் வந்த நாளிலும்கூட, அந்தக் கட்டம் கட்டிய அறிவிப்பை ஓர் எழுத்து மாற்றாமல் அச்சிட்டிருக்க முடியும். நம் நாட்டில் ஊடகங்களின் சுயகட்டுப்பாடு பற்றி நடக்கும் பேச்சில் இந்த உண்மைக்கு ஏன் இடமே இல்லை என்பதுதான் என் கேள்வி.

மாதக் கடைசியில் வரும் பார்சல்

மாவட்டப் பதிப்பில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பார்சல்களைத் தெரியும். பகுதிநேர நிருபர்கள் அந்த மாதத்தில் வெளியான தங்கள் செய்திகளைக் கத்தரித்து, தாளில் பசை தடவி ஒட்டி, ஓரத்தில் தேதியும் பக்க எண்ணும் எழுதிப் பேருந்தில் அனுப்பிவைப்பார்கள். அலுவலகத்தில் ஒருவர் அளவுகோலை வைத்து ஒவ்வொரு துண்டையும் அளப்பார். பத்தியின் நீளத்துக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. தலைப்பின் உயரம் அதில் சேராது. இரண்டு ஊர்களிலிருந்து வந்த தகவல்களை நாங்கள் ஒரே செய்தியாக்கியிருந்தால், அளவு இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரியும். கடைசி நேரத்தில் விளம்பரம் வந்து செய்தி தூக்கப்பட்டிருந்தால், நள்ளிரவில் விபத்து நடந்த இடத்துக்கு வண்டி ஓட்டிப் போய், பிணவறை வாசலில் காத்திருந்து, இறந்தவர்களின் பெயர்களைச் சரிபார்த்து அனுப்பிய உழைப்புக்கு ஒரு ரூபாயும் கிடையாது. பெட்ரோலும் கைபேசியும் கேமராவும் அவர்களுடையவை. அந்தத் துண்டுகளை வரிசையாக ஒட்டியிருந்த நேர்த்தியை நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஓரங்கள் பிசிறில்லாமல், தேதிகள் சிவப்பு மையில், கோணல் இல்லாமல் இருக்கும். தங்கள் வேலையை மதித்தவர்கள்தாம் அப்படி ஒட்டியிருக்க முடியும்.

செய்திக்குக் கிடைக்கும் தொகையை வைத்து எவரும் குடும்பம் நடத்த முடியாது என்பது நிர்வாகத்துக்கும் தெரியும். அதனால் இன்னொரு வழியை நிர்வாகமே காட்டும்: விளம்பரம் பிடித்தால் கமிஷன். தீபாவளி மலர், பொங்கல் மலர், கல்வி மலர், கட்சித் தலைவர்களின் பிறந்தநாள் என்று ஆண்டு முழுவதும் இலக்கு இருக்கும். குடிநீர் ஏன் வரவில்லை என்று காலையில் பேரூராட்சித் தலைவரிடம் கேள்வி கேட்கும் அதே ஆள், மாலையில் அவரிடமே கால்பக்க வாழ்த்து விளம்பரத்துக்காகப் போய் நிற்க வேண்டும். விளம்பரம் கொடுத்தவர் பணத்தை இழுத்தடித்தால், வசூலாகும்வரை அது நிருபரின் கணக்கில் கடனாக நிற்கும். பிரஸ் மீட்டுகளில் 'பெட்ரோலுக்கு வெச்சுக்கங்க' என்று கையில் திணிக்கப்படும் கவரைப் பற்றி ஊரறியப் பேசுகிறோம். அதை வாங்குபவர்களைக் கேவலமாகப் பார்க்கிறோம். கவர் கொடுப்பவர் உண்மையில் யாருடைய பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார் என்று கேட்டால், நிருபரின் பெட்ரோல் செலவைக் கொடுக்க வேண்டிய நிறுவனத்தின் பொறுப்பை என்பதுதான் பதில்.

படிவத்தில் இருந்த ஒரு வரி

இந்த விஷயத்தில் என் பார்வை திரும்பிய இடம் ஒரு மேசை. புதிதாகச் சேரவிருந்த ஓர் இளைஞர் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். இதழியலில் பட்டயம் படித்தவர், இருபதுகளின் நடுவில் இருந்தவர். மேலாளர் கொடுத்த படிவத்தைப் பூர்த்திசெய்ய என் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தார். பெயர், முகவரி, கல்வித் தகுதி எல்லாம் எழுதியவர் ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார். அங்கே இப்படி ஒரு வாசகம் அச்சிடப்பட்டிருந்தது: 'எனது முதன்மைத் தொழில் ............ ஆகும். செய்தி அனுப்புவது எனது பகுதிநேர ஈடுபாடு மட்டுமே. இதன் அடிப்படையில் நிறுவனத்தில் வேலைவாய்ப்போ பணப்பயனோ கோரமாட்டேன்.' அவர் என்னைப் பார்த்து, "சார், இதுல என்ன எழுதறது? எனக்கு வேற தொழில் இல்லையே" என்றார். நான் பதில் சொல்லும் முன்பே அடுத்த மேசையிலிருந்து ஒருவர், "விவசாயம்னு போடு தம்பி, எல்லாரும் அதத்தான் போடுவாங்க" என்றார். இளைஞர் தயங்கி, "எங்களுக்கு நெலம் இல்லண்ணே" என்றார். சற்று நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு அவர் 'விவசாயம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்பது உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. 1955ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், இதழியலை முதன்மைத் தொழிலாகக் கொண்டு ஒரு செய்தி நிறுவனத்தில் பணியில் அமர்த்தப்பட்டவரையே உழைக்கும் பத்திரிகையாளர் என்று வரையறுத்தது. பகுதிநேரமாகப் பணியாற்றினாலும் அவர் அந்த வரையறைக்குள் அடங்குவார் என்பதை 1981ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. அப்படி அடங்கிவிட்டால் நான்கு வாரங்களுக்கு 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வேலையைவிட்டு நீக்க மூன்று மாத அறிவிப்புத் தர வேண்டும், பணிக்கொடை தர வேண்டும், ஊதியக் குழு நிர்ணயித்த ஊதியம் தர வேண்டும். ஆகவே பகுதிநேரம் என்று சொல்வது நிறுவனத்துக்குப் போதாது. முதன்மைத் தொழில் வேறு என்று அந்த ஆளே கைப்பட எழுதித் தர வேண்டும். உண்மையை எழுதுவதற்காக வேலைக்கு எடுக்கப்படுகிறவரிடம் முதல் நாளே ஒரு பொய்யை எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அதன்பிறகு அவருக்கு எந்த நெறிமுறையை எப்படிக் கற்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நிறுவனத்தின் ஊழியர் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் நிலையும் பெரிதாக மெச்சத்தக்கதாக இல்லை. நீதிபதி மஜீதியா தலைமையிலான ஊதியக் குழுவின் பரிந்துரைகளை மத்திய அரசு 2011 நவம்பரில் அறிவிக்கை செய்தது. நாளிதழ் உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 2014 பிப்ரவரி 7 அன்று நீதிமன்றம் அவர்களின் மனுக்களைத் தள்ளுபடி செய்து, நிலுவையை ஓராண்டுக்குள் நான்கு தவணைகளில் தரச் சொன்னது. அதன்பிறகும் பல நிறுவனங்கள் தரவில்லை. பழைய ஊதியமே போதும் என்று ஊழியர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டதைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தன. நீதிமன்ற அவமதிப்பு வழக்குகளில் 2017 ஜூன் மாதம் தீர்ப்பு வந்தபோது, ஒப்பந்த ஊழியர்களுக்கும் அந்த ஊதியம் பொருந்தும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது; ஆனால் வேண்டுமென்றே மீறினார்கள் என்று சொல்ல முடியாது எனக் கூறி, எந்த உரிமையாளரையும் தண்டிக்கவில்லை. இங்கும் கையெழுத்துத்தான். வேலை நிலையற்றது என்று தெரிந்த ஒருவர் நீட்டப்பட்ட தாளில் போடும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

இப்போது அந்த 1955 சட்டமே இல்லை. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்து, அதைத் தங்களுக்குள் விழுங்கிக்கொண்டன. தொலைக்காட்சி, டிஜிட்டல் ஊடகங்களில் வேலை செய்பவர்களும் முதல்முறையாக வரையறைக்குள் வந்திருப்பது நல்ல விஷயம். அவர்கள் இத்தனை காலம் வெளியே நின்றார்கள். ஆனால் பத்திரிகையாளர்களுக்கென்று தனி ஊதியக் குழு அமைக்கும் ஏற்பாடு போய்விட்டது. முதன்மைத் தொழில் என்ற நிபந்தனை மட்டும் புதிய வரையறையிலும் அப்படியே இருக்கிறது. படிவத்தில் அந்தக் கோடிட்ட இடத்தை நீக்க யாருக்கும் காரணம் ஏற்படவில்லை.

சட்டம் கட்டிய சுவர்

முதல் பத்திரிகை ஆணையத்தின் பரிந்துரைப்படி 1966இல் தொடங்கப்பட்டு, நெருக்கடி நிலைக் காலத்தில் கலைக்கப்பட்டு, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீண்டும் உயிர்பெற்றது இந்தியப் பத்திரிகை மன்றம். தலைவரைத் தவிர்த்த 28 உறுப்பினர்களில் 20 பேர் பத்திரிகைத் துறையைச் சேர்ந்தவர்கள் என்பதால்தான் இதைச் சுயகட்டுப்பாட்டு அமைப்பு என்கிறோம். தவறு செய்யும் நாளிதழை எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் விதிக்க முடியாது. இதற்குப் பல் இல்லை என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நானும் அதையே திரும்பச் சொல்லப்போவதில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் உள்ள ஓர் உட்பிரிவு. நாளிதழ்த் தயாரிப்பில் ஈடுபட்டிருக்கும் அனைத்துத் தரப்பினருக்கும் இடையே முறையான பணியுறவை வளர்ப்பது மன்றத்தின் கடமைகளில் ஒன்று என்று அது சொல்கிறது. சொன்ன கையோடு, தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் வரும் பிரச்சினைகளில் மன்றத்துக்கு எந்த வேலையும் இல்லை என்று விலக்கும் அளித்துவிடுகிறது. ஊதியம் தொழிலாளர் துறைக்கு, ஒழுக்கம் மன்றத்துக்கு. நிருபர் ஏன் பணம் வாங்கினார் என்ற கேள்வி இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் எங்கும் பதிவாகாமல் போகிறது.

மன்றத்துக்குள்ளேயே இந்தச் சுவரைத் தாண்டிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். 2009 மக்களவைத் தேர்தலிலும் அதே ஆண்டு மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலிலும் வேட்பாளர்களிடம் பணம் பெற்று விளம்பரத்தைச் செய்தியாக வெளியிட்டது பெரிய விவகாரமானபோது, பரஞ்சய் குஹா தாகுர்தா, ஸ்ரீனிவாஸ் ரெட்டி ஆகிய இருவர் கொண்ட துணைக்குழுவை மன்றம் அமைத்தது. அவர்கள் 71 பக்கங்களில் நாளிதழ்களின் பெயர்களோடு அறிக்கை கொடுத்தார்கள். நிருபர்களையும் பகுதிநேரச் செய்தியாளர்களையும் கமிஷனுக்கு விளம்பரம் பிடிக்கும் முகவர்களாக நிறுவனங்கள் பயன்படுத்தக் கூடாது, அவர்களுக்கு மாதத் தொகையோ முறையான ஊதியமோ தர வேண்டும் என்பது அதில் இருந்த பரிந்துரைகளில் ஒன்று. எங்கள் மாதக் கடைசிப் பார்சல்களின் கதையை டெல்லியில் யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது. ஆனால் 2010 ஜூலையில் மன்றம் முழு அறிக்கையை வெளியிடாமல், பெயர்கள் நீக்கப்பட்ட சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது. உறுப்பினர்களுள் உரிமையாளர் தரப்பும் உண்டு. 2011இல் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகே முழு அறிக்கை மக்கள் கைக்கு வந்தது. தகவலை மக்களுக்குச் சொல்வதற்காக இருக்கும் ஒரு துறை, தன்னைப் பற்றிய தகவலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக வெளியே விட வேண்டியிருந்தது.

போலி நிருபர் யார்

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, போலிப் பத்திரிகையாளர்களைக் களைய மூன்று மாதங்களுக்குள் தமிழ்நாட்டுக்கெனத் தனிப் பத்திரிகை மன்றம் அமைக்க வேண்டும் என்று மாநில அரசுக்கு உத்தரவிட்டது. வண்டியில் 'பிரஸ்' என்று ஒட்டிக்கொண்டு ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மிரட்டிப் பிழைக்கும் கூட்டத்தைப் பார்த்த எவருக்கும் அந்தக் கோபம் புரியும். அந்த உத்தரவில் ஒரு நிபந்தனை இருந்தது. எத்தனை ஊழியர்கள், என்ன ஊதியம், வரிப் பிடித்தம் எவ்வளவு, எத்தனை பிரதிகள் விற்கின்றன என்ற விவரங்களைத் தராத நிறுவனங்களுக்கு அரசு அடையாள அட்டையோ ஸ்டிக்கரோ வழங்கக் கூடாது என்றார்கள். இதைப் படித்தவுடன் என் நினைவுக்கு வந்தவர், நிலமே இல்லாத அந்த 'விவசாயி'தான். ஊதியச் சீட்டை வைத்து உண்மையான பத்திரிகையாளரை அடையாளம் காண்பதென்றால், லட்சக்கணக்கில் விற்கும் நாளிதழ்களின் தாலுகா நிருபர்களில் பெரும்பகுதி போலிகளின் பட்டியலில் போய்ச் சேரும். ஆனாலும் நீதிமன்றம் கேட்டது சரியான கேள்வி. அது போலிகளை வடிகட்டும் சல்லடையாக மட்டுமே பார்க்கப்பட்டது; அசல் நிறுவனங்களின் கணக்கைக் கேட்கும் கேள்வியாக அதை எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை.

தொடர்பு இல்லை என்ற நிலை, ஆபத்து வரும்போதும் அப்படியே நிற்கிறது. 2024 ஜனவரியில் பல்லடம் பகுதியில் ஒரு தொலைக்காட்சி நிருபர், தன்னைச் சிலர் நோட்டமிட்டுப் பின்தொடர்கிறார்கள் என்று காவல்துறைக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் சொல்லியும் பாதுகாப்புக் கிடைக்காமல் அரிவாளால் வெட்டப்பட்டார். சத்தீஸ்கரின் பிஜாப்பூரில் சாலை ஒப்பந்த முறைகேடு குறித்த செய்திக்கு உழைத்த முகேஷ் சந்திராகரின் உடல், 2025 ஜனவரியில் ஒரு கழிவுநீர்த் தொட்டிக்குள்ளிருந்து எடுக்கப்பட்டது. அவர் எந்த நிறுவனத்தின் நிரந்தர ஊழியரும் அல்லர், பல ஊடகங்களுக்குச் செய்தி கொடுத்த சுயேச்சைப் பத்திரிகையாளர். சிற்றூரில் இருப்பவருக்குத் தலைநகரத்து நிருபருக்கு உள்ள இடைவெளி கிடையாது. அவர் யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவருடைய வீடு அடுத்த தெருவில் இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னால், ஊதியம் கொடுத்தால் நெறி வந்துவிடுமா என்று கேட்கிறார்கள். வராது. நாட்டிலேயே அதிக ஊதியம் வாங்கும் செய்தி வாசிப்பாளர்கள் ஸ்டுடியோவில் செய்வதை நாம் ஒவ்வொரு இரவும் பார்க்கிறோம். செய்தித் தொலைக்காட்சிகள் 2008இல் தாங்களே அமைத்துக்கொண்ட தர ஆணையத்தால் அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய் அபராதம்தான் விதிக்க முடிந்தது. அந்தத் தொகை யாரைக் கட்டுப்படுத்தும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கேட்டது. ஆகவே ஊதியம் நேர்மையை உற்பத்தி செய்யும் என்று நான் வாதிடவில்லை. மறுக்கும் வலிமையை அது தருகிறது என்கிறேன். குவாரி உரிமையாளரின் பணத்தை வேண்டாம் என்று சொல்லவும், 'இந்த விளம்பரத்தை நான் கேட்க மாட்டேன், அவர் மீது நான் செய்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்' என்று மேலாளரிடம் சொல்லவும் காலுக்குக் கீழே கொஞ்சம் தரை வேண்டும். அந்தத் தரையைக் கொடுக்காதவர்கள் நெறிமுறைப் பயிலரங்குகளை நடத்துவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வறுமையிலும் நேர்மையாக இருந்த நிருபர்கள் உண்டு. நானே அப்படிப்பட்டவர்களை அறிவேன். அவர்களுடைய தியாகத்தைத் துறையின் நடைமுறை விதியாக மாற்றிக்கொள்ள எந்த உரிமையாளருக்கும் உரிமை இல்லை.

பத்திரிகை வாசிப்பவர்கள் மார்ச் மாதத் தொடக்கத்தில் 'நான்காம் படிவம்' என்ற தலைப்பில் ஓர் அறிவிக்கையைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்திருப்பார்கள். உரிமையாளர் யார், வெளியிடுபவர் யார், அச்சிடுபவர் யார், ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் யார் என்ற விவரங்கள் அதில் இருக்கும். நாளிதழின் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதை வாசகர் அறிய வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த நல்ல ஏற்பாடு அது. அதோடு இன்னும் சில வரிகளைச் சேர்க்க வேண்டும் என்கிறேன்: இந்த நாளிதழுக்குச் செய்தி அனுப்புபவர்கள் எத்தனை பேர், அவர்களில் மாத ஊதியம் பெறுபவர்கள் எத்தனை பேர், அளவுகோலால் அளந்து பணம் பெறுபவர்கள் எத்தனை பேர், விளம்பர இலக்கு வைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர். இதற்குப் புதிய சட்டமோ மன்றத்துக்குப் புதிய அதிகாரமோ தேவையில்லை. சுயகட்டுப்பாடு என்ற பேச்சில் உண்மையான நம்பிக்கை உள்ள ஒரே ஒரு நாளிதழ் தானாக முன்வந்து அதை அச்சிட்டால் போதும். அன்று மாலைக்குள் மற்ற நாளிதழ்களின் தாலுகா நிருபர்கள் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து, தங்கள் மேலாளர்களுக்கு அனுப்பியிருப்பார்கள்.